பாதி ஏற்றத்தில் நிறுத்தி எடு

“பெருசா ஒண்ண வாங்கிப் போட்டா நாலு சோலிக்கு ஆகும்னு நான் சொல்றது—”

“நாலு சோலி இல்ல மதினி, எனக்கு இருக்குறது ஒரே சோலி. அந்த ஒண்ணுக்கு இது ஆகாதுன்னுதான்—”

“ஜீப்பு சீட்டும் தைக்கும், படுதாவும் தைக்கும், ஒன் பர்சும் தைக்கும்—”

“பர்ச தைக்காது. கடிக்கும். போன தடவ கடிச்சத நீங்களும்தான பாத்தீங்க.”

“அது நம்ம ஜீப்பு செட்டுல கெடக்குற பழைய மிஷினு. பல்லு தேஞ்சு போனது.”

“பல்லு தேஞ்சதே அந்தக் கடி கடிச்சா, புதுப் பல்லு என்னத்த விட்டு வைக்கும்?”

மொக்கச்சாமி சிரிப்பை அடக்கப் பார்த்து அது இருமலாக வெளியே வந்தது. போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையல் மிஷின் கடை வைத்திருப்பவர் அவர். புதுசும் விற்பார், மூடிப்போன கம்பெனிகளில் எடுத்த பழசும் விற்பார். காலையில் கடை திறந்த கையோடு இந்த இரண்டு பெண்களும் வந்தார்கள். வாங்கி வைத்த டீயைக் குடிக்கவும் மறந்து இரண்டு பேரும் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மகாராணி மூத்தவள். மூன்று ஜீப்புக்குச் சொந்தக்காரி. விடிவதற்குள் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவதும், சாயங்காலம் இறக்கிக் கொண்டு வருவதும் அவள் ஜீப்புகள்தான். புருசன் போன பிறகு டிரைவர்களை நம்பி ஏமாந்தது போதும் என்று தானே ஓட்டப் பழகியவள். கலையரசி அவளுடைய தம்பி முனீஸ்வரனுக்கு வாக்கப்பட்டு திண்டுக்கல்லிலிருந்து வந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு பை கம்பெனியில் மெல்லிசு ஆட்டுத்தோல் தைத்துக்கொண்டிருந்தாள். போடிக்கு வந்த பிறகு அவள் கை தைத்ததெல்லாம் ஜீப்பு சீட்டுக்கு ரெக்சின்.

இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டக்கூடாது என்று முனீஸ்வரன் இன்றைக்கு லோடு இல்லாத ஊருக்கு லோடு இருக்கிறதென்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

“அண்ணே, நீங்க சொல்லுங்க. கடைக்காரரு நீங்க,” என்றாள் மகாராணி.

“நான் என்னத்தச் சொல்ல ஆத்தா. கடையில நிக்கிற எல்லா மிஷினும் என் பிள்ளைங்கதான்.”

“எந்தப் பிள்ள ஒழைக்கும்?”

மொக்கச்சாமி வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பெரிய மிஷினைத் தட்டினார். பெல்ட் கம்பெனி ஒன்றில் இருந்தது. கறுப்பு இரும்பு. நான்கு பேர் சேர்ந்துதான் நகர்த்த வேண்டும். அது வந்ததிலிருந்து கடைக்குள் வருகிறவர்கள் எல்லாரும் ஒருக்களித்துத்தான் நுழைகிறார்கள். அதை முதலில் அனுப்பிவிட வேண்டும் என்ற ஆசை அவர் முகத்திலேயே தெரிந்தது.

“இதப் பாருங்க.” விரல் கனத்தில் ஒரு பெல்ட் தோலை எடுத்து இரண்டாக மடித்து ஊசிக்கடியில் கொடுத்தார். மோட்டாரைப் போட்டதும் தரை அதிர்ந்தது. காலை அழுத்தினார். தடதடவென்று ஒரே மூச்சில் அந்தக் கடைசி வரைக்கும் போய் நின்றது.

மகாராணியின் முகம் மலர்ந்துவிட்டது. “கேட்டியா சத்தத்த? லோடு வண்டி செகண்ட் கியர்ல ஏறுற மாதிரி இருக்கு.”

“கேட்டுச்சு மதினி. பெரியகுளம் வரைக்கும் கேட்டிருக்கும்.”

“அது என்ன, அந்த மூலையில? தும்பிக்கைய நீட்டிக்கிட்டு?”

கலையரசி காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். பெரிய மிஷினைப்போல அதற்கு அகலமான தட்டு இல்லை. குழாய் மாதிரி ஒரு கை மட்டும் முன்னால் நீண்டிருந்தது. பையின் வாயை அந்தக் கையில் மாட்டிச் சுற்றிச் சுற்றித் தைக்கலாம். ஊசியும் அதை ஒட்டிய பாதமும் சேர்ந்து நடக்கும். தோலை இழுக்காது, கூடவே கூட்டிக்கொண்டு போகும். திண்டுக்கல்லில் ஆறு வருசம் அவள் உட்கார்ந்திருந்தது இந்த மாதிரி ஒன்றின் முன்னால்தான்.

“அதுதான் மதினி எனக்கு வேணும்.”

“அதா? கைய நீட்டிக்கிட்டு நிக்கிறதப் பாத்தா கோயில் வாசல்ல காசு கேக்குற மாதிரி இருக்கு. மோட்டாரு எங்க?”

“அந்தா, கீழ ஒட்டிக்கிட்டு.”

“அது மோட்டாரா? நான் டப்பான்னு நெனச்சேன். சத்தமே வராதே.”

“சத்தம் வராது. மெதுவா போன்னா மெதுவா போகும்.”

“மெதுவா போறதுக்கு மிஷின் எதுக்குத்தா, ஊசிய எடுத்துக் கையாலேயே தைச்சிரலாமே.”

வாங்கித் தருவது மகாராணி. தேர்ந்தெடுக்கிற உரிமையும் தனக்குத்தான் என்பது அவள் கணக்கு. அதில் தப்பும் சொல்ல முடியாது.

இந்த அவசரத்துக்குக் காரணம் வருகிற வெள்ளிக்கிழமை. கொச்சியில் கைப்பைக் கடை வைத்திருக்கிற ஷைலஜா என்கிற அம்மா, போடி வழியாகப் போகும்போது கலையரசி கையால் தைத்து வைத்திருந்த பர்ஸ் ஒன்றைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி மாசா மாசம் நிறைய வேண்டும், மிஷினில் ஒன்று தைத்து அனுப்பு என்று சொல்லியிருந்தார். கலையரசி செட்டில் கிடந்த சீட்டு மிஷினில் தைத்து அனுப்பினாள். பர்ஸ் திரும்பி வந்துவிட்டது. “தையலுக்குப் பக்கத்துல பூரா பல்லு பதிஞ்சிருக்கு. பட்டி கடிச்ச மாதிரி,” என்று போனில் சொன்னார். பட்டி என்றால் நாய் என்பது மலைக்கு ஜீப்பு ஓட்டுகிற வீட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. “வெள்ளிக்கிழம மதுரையில இருந்து மூணாறு வழியா ஊருக்குத் திரும்பறேன். இன்னொண்ணு தைச்சுக் காணிக்கணும். அதுவும் இப்படித்தான்னா வேற ஆளைப் பாக்கறேன்.”

அந்தத் தவணையும் தவறினால் செட்டின் மூலையில் கலையரசிக்கென்று ஒதுக்கிய இடத்தில் டயர் அடுக்குவதாக மகாராணி முடிவு செய்திருந்தாள். கலையரசி மறுபடி ஆயுசுக்கும் ரெக்சின் தைக்க வேண்டியதுதான்.

“அப்ப பெருசையே வண்டியில ஏத்திரலாமா?” என்றார் மொக்கச்சாமி.

“ஏத்துங்கண்ணே.”

“மதினி.” கலையரசியின் குரல் இப்போது இறங்கியிருந்தது. “ஒரே ஒரு கேள்வி. போன வருசம் அந்தப் பச்ச ஜீப்ப எப்படி வாங்குனீங்க?”

“இப்ப எதுக்கு அது?”

“சொல்லுங்க. விக்க வந்தவரு பெட்ரோல் பங்குல இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டிக் காட்டுனாரு. பறந்துச்சு. நீங்க வாங்கிட்டீங்களா?”

“அது எவன் வேணும்னாலும் ஓட்டுவான். சமதரையில மாட்டு வண்டியும்தான் ஓடும்.”

“பெறகு?”

“ஏலக்கா மூட்டைய ஏத்திக் குரங்கணி ரோட்டுக்கு விடுன்னேன். ஊருக்கே தெரிஞ்ச சங்கதி. பாதி ஏத்தத்துல நிப்பாட்டச் சொன்னேன். எடுன்னேன். பின்னால ஒரு சாண் உருளாம எடுத்துச்சு. வாங்கிட்டேன்.” மகாராணி மொக்கச்சாமி பக்கம் திரும்பினாள். “இந்த ஊருல எவன் ஜீப்பு வாங்குனாலும் அப்படித்தாண்ணே வாங்குவான். பாதி ஏத்தத்துல நிப்பாட்டி எடுக்காத வண்டி வண்டியே இல்ல.”

“அண்ணன் இப்ப பெரிய மிஷின ஓட்டிக் காட்டுனாருல்ல. அது பெட்ரோல் பங்கு டு பஸ் ஸ்டாண்டு.”

மகாராணி திரும்பிப் பெரிய மிஷினைப் பார்த்தாள்.

“மிஷினுக்கு ஏதுத்தா ஏத்தம்?” என்றார் மொக்கச்சாமி.

கலையரசி கொண்டு வந்திருந்த துணிப்பையை அவிழ்த்தாள். உள்ளே வெட்டி வைத்த ஆட்டுத்தோல், தேன் நிறத்தில், வெற்றிலை மாதிரி மெல்லிசாக. பர்ஸின் ஒரு மூலையை மட்டும் மடித்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதை மகாராணியின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்தாள்.

“தடவிப் பாருங்க. இங்க ரெண்டு மடிப்பு. அப்படியே வாங்க. ஜிப்பு வந்து சேருது, உள்தோல் சேருது, ஓரம் மடங்குது. இப்ப எத்தன?”

“ஆறு இருக்கும்.”

“ஊசிக்கு இதுதான் மதினி குரங்கணி ஏத்தம்.”

“இத்தனூண்டா?”

“ஊசி எத்தனூண்டு இருக்கு?”

மகாராணி திரும்பவும் தடவினாள். விரல் அந்தப் படியில் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அவள் கண் லேசாகச் சுருங்கியதைக் கலையரசி பார்த்தாள். பச்சை ஜீப்பு வாங்கிய அன்றைக்கும் பானெட்டைத் திறந்து பார்த்தபோது இப்படித்தான் சுருங்கியது.

“சரி. யாரு ஓட்டுறது?”

“நீங்கதான். நான் ஓட்டுனா சின்னதுக்குச் சாஞ்சு ஓட்டிட்டேம்பீங்க.”

மகாராணி செருப்பைக் கழற்றிவிட்டுப் பெரிய மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். அவளும் ஒரு காலத்தில் சீட்டு தைத்தவள்தான். சேலையை முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு, வெறுங்காலை மிதிகட்டையில் வைத்தாள். மோட்டார் உறுமியது. இரண்டு மடிப்பில் சர்ரென்று போனது. ஆறு மடிப்பு தொடங்குகிற இடத்தில் காலை எடுத்தாள். ஊசி தோலுக்குள் இறங்கி நின்றது.

“இப்ப எடுங்க மதினி. ஒரே ஒரு தையல். ஒண்ணே ஒண்ணு.”

மகாராணி மெல்ல மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம். நகரவில்லை. இன்னும் ஒரு நூலளவு. மிஷின் எகிறி நாலைந்து தையலைக் கொட்டிவிட்டு மடிப்பைத் தாண்டி ஓரத்துக்கு வெளியே போய் நின்றது.

“கிளச்சு புடிக்கவே இல்ல,” என்றாள் மகாராணி.

“பழகுனா வந்துரும் ஆத்தா,” என்றார் மொக்கச்சாமி.

“பழகுனா ஏறுறதுக்கு நானாண்ணே ஏறப் போறேன்? மிஷினுல்ல ஏறணும்.”

இன்னொரு தரம் ஓட்டினாள். இந்தத் தடவை படிக்கு முன்னால் பாதம் முட்டிக்கொண்டது. தையல் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. தோலை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் வரிசையாகப் பல் பதிந்திருந்தது. கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

“பின்னால உருண்டிருக்கு. பெறகு பாஞ்சிருக்கு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “ஆளு உக்காந்திருந்தா பள்ளத்துல கெடப்பான்.”



“அந்தத் தும்பிக்கைய இங்கிட்டுக் கொண்டாங்க,” என்றாள் மகாராணி.

சின்ன மிஷினை மொக்கச்சாமி ஒருவரே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். அதற்கே மகாராணி உதட்டைச் சுழித்தாள். உட்கார்ந்தாள். மிதித்தாள். சத்தமே இல்லை. ஏதோ பூனை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு முனகல். இரண்டு மடிப்பில் அழகாகப் போனது. படியில் ஏறி நின்றது. எடுத்தாள்.

ஒரு தையல் விழுந்தது. அடுத்தது விழவில்லை. அதற்கடுத்ததும் விழவில்லை. நூல் தோலின் மேல் சும்மா நீளமாகக் கிடந்தது.

“பாத்தீங்களா,” என்றார் மொக்கச்சாமி. “சின்னது சின்னதுதான். நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்.”

ஏற்றத்தை எடுத்துக் காட்டியவளே கலையரசிதான். அந்த ஏற்றத்திலேயே அவள் மிஷின் நின்றுவிட்டது. செட்டின் மூலையில் டயர் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது.

“இன்னொரு தரம் மதினி,” என்றாள்.

மகாராணி இன்னொரு தரம் ஓட்டினாள். மறுபடி அப்படியே. ஒன்று விழுந்து இரண்டு விட்டது.

மொக்கச்சாமி பெரிய மிஷினைக் கட்டக் கயிற்றைத் தேடப் போனார்.

“கயித்த வைங்கண்ணே,” என்றாள் மகாராணி. அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. தலையைச் சாய்த்து ஊசி இருக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இது ஏறுது. படியில முட்டல. நின்ன எடத்துல நிக்குது, எடுன்னா எடுக்குது. எஞ்சின்ல கோளாறு இல்ல. ஆனா புடிமானம் இல்லாம சறுக்குது. இது என்ன டயரு?”

“டயரா?”

“வழுக்க டயரப் போட்டு மலைக்கு ஏத்திவிட்டுட்டு, வண்டி சரியில்லன்னு சொல்ற கதையா இருக்கு. என்ன ஊசி மாட்டியிருக்கீங்க?”

கலையரசி நெற்றியில் அடித்துக்கொள்ளாத குறை. குனிந்து திருகைத் தளர்த்தி ஊசியை உருவினாள். நகத்தின் மேல் வைத்து நுனியை உருட்டிப் பார்த்தாள். பதற்றத்தில் முதலில் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டிருந்தாள்.

“உருண்ட நுனி. துணி ஊசி.”

“ஆமா, நேத்து ஒரு திரைச்சீலைக்காரருக்கு ஓட்டிக் காட்டுனேன்,” என்றார் மொக்கச்சாமி. “அதுல என்ன இருக்கு, ஊசின்னா ஊசிதான?”

“அப்ப டயருன்னா டயருதானாண்ணே? சைக்கிள் டயர மாட்டி என் ஜீப்ப மேல ஓட்டிக் காட்டுவீங்களா?”

மொக்கச்சாமி கயிற்றைக் கீழே போட்டார்.

கலையரசியின் பையில் ஒரு தோல் துண்டில் ஊசிகள் செருகியிருந்தன. தோலுக்கென்று நுனியில் கத்தி மாதிரி சீவியது. ஒன்றை எடுத்தாள். ஊசிக் காது சரியான பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்து மாட்டி, திருகை இறுக்கினாள். நூலைக் கோத்தாள்.

“நீ ஓட்டுறியா?” என்றாள் மகாராணி.

“நீங்களே ஓட்டுங்க மதினி.”

மகாராணி காலை வைத்தாள். மிஷின் முனகியது. இரண்டு மடிப்பு. ஜிப்பு. படி. நிறுத்தினாள். கடைக்கு வெளியே குமுளி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிகிற வரைக்கும் காலை அசைக்கவில்லை.

எடுத்தாள்.

ஒரு தையல் விழுந்தது. நிறுத்தினாள். இன்னொன்று. நிறுத்தினாள். இன்னொன்று. ஒவ்வொன்றும் எறும்பு வரிசைபோல, முன்னது எவ்வளவோ பின்னதும் அவ்வளவு. ஆறு மடிப்பின் உச்சியில் வேண்டுமென்றே நிறுத்தி, தோலைத் திருப்பி, மூலையைச் சுற்றி இறக்கினாள். இறக்கத்திலும் ஒரு தரம் நிறுத்தினாள். அதற்குத் தேவையே இல்லை. அவளுக்கு ஆசையாக இருந்தது.

“ஏத்தா கலை.”

“சொல்லுங்க மதினி.”

“இது பச்ச ஜீப்பவிட நல்லா எடுக்குது.”

தோலை உருவித் திருப்பினாள். அடியில் ஒரு கீறல் இல்லை. அதை மொக்கச்சாமியின் மூக்குக்கு நேராகக் காட்டிவிட்டு எழுந்து செருப்பை மாட்டினாள். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

“இத ஏத்துங்கண்ணே.”

“அப்ப அந்தப் பெருசு?”

“வாசல்ல நிக்கட்டும். கடைக்குக் காவல்.”

சின்ன மிஷினுக்கு ஜீப்பில் முன்சீட்டில் இடம் கிடைத்தது. கலையரசி பின்னால் உட்கார்ந்தாள். மகாராணி வழி நெடுக ஒரு குழியில்கூட இறக்காமல், கல்யாணப் பெண்ணைக் கூட்டிப் போவதுபோல ஓட்டிக்கொண்டு போனாள். நடுவில் மேட்டுத்தெரு முக்கில் எதிர்ப்பட்ட ஒருத்தரிடம் வண்டியை நிறுத்தி, தான் மிஷின் தேர்ந்தெடுத்த கதையைச் சொன்னாள். அந்தக் கதையில் கலையரசி பாதிக்கு மேல்தான் வந்தாள். கலையரசி அதைத் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை மலை முழுக்க மேகம் மூடி, போடியில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஷைலஜா அம்மாவின் கார் செட்டு வாசலில் வந்து நின்றபோது மகாராணி ஜீப்புக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தாள். அப்படியே கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“எவிடே, காணிக்கு. நேரமில்ல,” என்று அந்த அம்மா கையை நீட்டினார்.

கலையரசி பர்ஸைக் கொடுத்தாள். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். தையல்மேல் நகத்தை வைத்து ஓட்டினார். நேராகப் போன நகம் மூலைக்கு வந்தது. ஆறு மடிப்பு. அங்கே நின்றது. நகத்தால் ஒரு தையலைக் கிளப்பப் பார்த்தார். வரவில்லை. பர்ஸை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினார். விளக்குக்குக் கீழே கொண்டு போனார். மோந்துகூடப் பார்த்தார். மகாராணி மூச்சை உள்ளே இழுத்தவள் விடவில்லை.

“கொள்ளாம்,” என்றார்.

மகாராணி மூச்சை விட்டாள். நல்லாயிருக்கு என்று அர்த்தம்; மலையாளத்தில் அவளுக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை அது. தோட்டத்து முதலாளிமார் வாயிலிருந்து வருசத்துக்கு ஒரு தரம்கூட வராதது.

“நல்ல மெஷின். ஆராணு இது எடுத்தது?”

“நாந்தான்,” என்றாள் கலையரசி.

“நாந்தான்,” என்றாள் மகாராணி.

இரண்டு குரலும் ஒன்றாக விழுந்தது. அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ரெண்டாளும் சேந்து ஒராளாணோ. சரி. இதுபோல மாசா மாசம் வேணும். அடுத்த வாரம் கைப்பைக்கு அளவு அனுப்பறேன். உள்ளே ஒரு சின்ன தோல் வெச்சு நிங்ஙள்ட பேரும் ஊரும் அடிக்கணும். என் கடைப் பேரு வேண்டா. தைச்ச ஆள் பேருதான் எல்லாரும் கேக்கும்.”

“பேரா?” என்றாள் கலையரசி.

“பின்னே? கலையரசி, போடிநாயக்கனூர். அது மதி, வேற ஒண்ணும் வேண்டா.”

கார் மூணாறு ரோட்டில் ஏறி வளைவில் மறைகிற வரைக்கும் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். பிறகு கலையரசி உள்ளே போனாள். மூலையில், டயர் அடுக்குவதாக இருந்த இடத்தில், தும்பிக்கை நீட்டிக்கொண்டிருந்தது. கைப்பைக்கு அளவு வர ஒரு வாரம் இருந்தது. ஆனாலும் தேன் நிறத் தோலில் ஒரு துண்டை எடுத்து, குழாய்க் கையில் மாட்டி, காலை வைத்தாள். முனகல் கிளம்பியது. படி வந்தது. நிறுத்தினாள். எடுத்தாள். ஒரு தையல். இன்னொன்று.

வாசலில் மகாராணி பச்சை ஜீப்பின் கிழிந்த பின்சீட்டைக் கழற்றி எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். பஞ்சு வெளியே தொங்கியது. மிஷினைப் பார்த்தாள். அதன் முன்னால் குனிந்திருந்த முதுகைப் பார்த்தாள். தையல் ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது.

“அதெல்லாம் சரித்தா, போடிநாயக்கனூர் கலையரசி,” என்றாள் மகாராணி, “நாளைக்கு விடியக்காலம் ஆளு ஏறும். இந்தச் சீட்ட இனி யாரு தைக்கிறது?”